இடிந்து விழ அனுமதி இல்லை

எங்கள் ஓவெரிப் பக்கத்தில் விழக்கூடாது என்று கட்டியதெல்லாம் விழுந்திருக்கிறது. புதுச் சந்தைக் கட்டடம் திறப்புவிழா நாடாவை வெட்டுவதற்கு முன்பே ஒரு பக்கம் சாய்ந்துகொண்டது. ஆற்றுப் பாலத்தைக் கட்டிய ஒப்பந்தக்காரரின் மாடிவீடு எழும்புவதற்குள் பாலம் கீழே இறங்கிவிட்டது. இதற்கெல்லாம் யாரும் பதறவில்லை. ஆனால் விழுவதற்கென்றே கட்டிய ஒரு மண்வீட்டை விழவிடாமல் தடுக்க ஒரு வாரியமே திரண்டு வந்து முட்டுக்கொடுத்தது. அந்தக் கூத்தை என் கடை வாசலில் உட்கார்ந்தபடியே முழுக்கப் பார்த்தவன் நான்.

என் பெயர் ஒசோண்டு. ஆட்டுத்தலைக் கறியும் மிளகுச் சாறும் பீரும் விற்கிற கடை எனக்கு. கடைக்கு எதிரே எங்கள் பங்காளிகளுக்குப் பொதுவான ஒரு காலி மனை. அதில்தான் என் சித்தப்பா மகள் உலோவாக்கு எம்பாரி கட்டினாள்.

உலோவாக்கு சாமானியப்பட்டவள் இல்லை. பல்கலைக்கழகத்தில் சிற்பம் படித்தவள், லாகோஸில் கண்காட்சி வைத்தவள். செத்துப்போன ஜெனரேட்டர்களைப் பிரித்து அவள் செய்த யானையைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வரிசையில் நின்றார்களாம். அப்படிப்பட்டவள் ஒருநாள் ஊருக்கு வந்து, "அண்ணே, இரும்பு போதும். மண்ணுல ஒண்ணு செய்யணும்" என்றாள். பைத்தியம் பிடித்துவிட்டது என்று அவள் அம்மா அழுதாள். நான் நாற்காலியை இழுத்துப்போட்டு வேடிக்கை பார்க்கத் தயாரானேன்.

எம்பாரி என்றால் பூமித்தாய் ஆலாவுக்குப் போடும் படையல். வேலி கட்டி மறைத்துக்கொண்டு ஊரே கூடிச் செய்யும். கரையான் புற்றை வெட்டி வந்து உரலில் இடிக்கும்போது அதை மண் என்று சொல்லமாட்டோம், கிழங்கு என்போம். ஆலாவுக்கு அது சாப்பாடு. நடுவில் ஆலா உட்கார்ந்திருப்பாள். சுற்றிலும் ஊர் பயப்படுகிறவர்கள், ஊர் சிரிக்கிறவர்கள் எல்லோரும் மண்ணுருவாக நிற்பார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் தொப்பி போட்ட ஜில்லா அதிகாரியே நின்றிருக்கிறான். வேலியைப் பிரித்து, ஆடிப்பாடித் திறந்துவிட்டால் அதோடு சரி, பிறகு ஒருவரும் கை வைக்கக்கூடாது. ஓலைக் கூரை மக்கும், மழை இறங்கும், மண் மண்ணுக்குப் போகும். விழுந்ததை எடுத்து நிறுத்துவது தீட்டு.

உலோவாக்கு செய்த எம்பாரியில் ஆலாவுக்கு வலப்பக்கம் பெட்ரோலுக்கு வரிசை நிற்கிறவர்கள். இடப்பக்கம் ஒலிபெருக்கி பிடித்த பாஸ்டர். அவர் வாயை அவள் எவ்வளவு பெரிதாகத் திறந்து வைத்திருந்தாள் என்றால், திறப்புவிழாவுக்குள் ஒரு குருவி அதில் குடியேறிவிட்டது. சோதனைச் சாவடிப் போலீஸ்காரர் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றார். எங்கள் ஊர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. என் கடையிலும் நல்ல வியாபாரம்.

அந்தச் சிரிப்புச் சத்தம் அழியா மரபு வாரியத்தின் காதில் விழுந்துவிட்டது.

வாரியத்தின் தலைமை இயக்குநர் சீஃப் டாக்டர் சர் பாலிகார்ப் இஹேஜிரிக்கா மூன்று கார்களில் வந்தார். ஒன்றில் அவர், மற்ற இரண்டில் அவருடைய மரியாதை. நல்ல மனுஷர், ஒரு குறையும் சொல்லமுடியாது. வழியில் பார்ப்பவர்களுக்கெல்லாம் கை கொடுப்பார், மண்ணுருவங்களுக்கும் கொடுத்தார். போலீஸ்காரர் நீட்டியிருந்த கையை மட்டும் பழக்கதோஷத்தில் கொஞ்சம் தயங்கித்தான் பற்றினார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே! நம் முன்னோர்கள் எம்பாரிகளைக் கட்டினார்கள். கட்டிவிட்டு அழியவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக இதையே செய்தார்கள். அவர்களுடைய இந்தக் கவனக்குறைவை எமது வாரியம் இனியும் பொறுத்துக்கொள்ளாது!"

கைதட்டல் பலமாக இருந்தது. தட்டியவர்கள் இரண்டாவது காரிலும் மூன்றாவது காரிலும் வந்தவர்கள்.

உலோவாக்கு அவரிடம் போனாள். "சார், அழியறதுதான் சார் இதுல மரபு."

"அம்மா, நீங்க கலைஞர். நீங்க செய்ங்க. மரபை நாங்க பாத்துக்கறோம்."

"படையல் சார் இது. பூமி சாப்பிட வேண்டியது. நீங்க தட்டுக்கு மூடி போட்டு வெச்சா எப்படி?"

"அருமையா சொன்னீங்க!" என்றார் இயக்குநர். பக்கத்தில் நின்ற உதவியாளரிடம் திரும்பினார். "மூடி. எழுதிக்கோ. கூரைக்கு அலுமினியத் தகடு."

அலுமினியத் தகடு வந்தது. ஓலையைப் பிய்த்து எறிந்துவிட்டுப் போட்டார்கள். கம்பிவேலி வந்தது. "தொடாதே" என்ற பலகை வந்தது, அதை யாரும் தொட்டுவிடாமலிருக்க இன்னொரு பலகை வந்தது. காக்கிச் சட்டை போட்ட கிளெட்டஸ் என்ற காவலாள் வந்தான். முதல் நாளே அவன் உலோவாக்கை வாசலில் மறித்தான்.

"உள்ள போகக்கூடாதுக்கா."

"தம்பி, இத செஞ்சதே நான்தான்."

"அதனாலதான்க்கா. செஞ்ச ஆளுங்களாலதான் சேதம் ஜாஸ்தின்னு சார் பயிற்சில சொல்லிக் குடுத்தாரு."

அவன்மேல் கோபித்துக்கொள்ள முடியாது. நாள் முழுக்க வெயிலில் நின்றுவிட்டு, என் கடையில் மிளகுச் சாறு குடிக்கும்போது, "அண்ணே, மண்ணு விழறதுக்கு நான் எப்படிண்ணே பொறுப்பு?" என்று நிஜமாகவே கவலைப்படுவான்.

இதில் உலோவாக்குக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். பக்கத்து ஊர் உமுவேக்கேக்காரர்கள் தங்களுக்கும் ஒரு எம்பாரி வேண்டுமென்று அவளைக் கேட்டிருந்தார்கள். புற்றுமண் பார்த்து வைத்தாயிற்று, மனை சுத்தம் செய்தாயிற்று. அவளோ, "இத மண்ணுக்குள்ள போகவிடாம பூட்டி வெச்சிருக்கற வரைக்கும் அதுக்கு நான் கை வெக்கமாட்டேன். முதல் படையலே இன்னும் தட்டுல கெடக்கு, எந்த மூஞ்சியோட ரெண்டாவது பரிமாறறது?" என்றாள். இரும்புக்கும் திரும்பிப் போகவில்லை. ஒரு வேலையும் செய்யாத சிற்பியின் கையை நீங்கள் பார்த்ததில்லையே. என் கடை மேசையில் சிந்திய சாற்றில் விரலால் எதையாவது வரைந்துகொண்டே இருப்பாள். உமுவேக்கேக்காரர்களும் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அடுத்த மழைக்காலம் வரைக்கும் பாப்போம். இல்லேன்னா டவுன்ல சிமெண்டுல செய்யற ஆளக் கூட்டிட்டு வந்துருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இதற்கிடையில் என் கிடா கைதாயிற்று.

கடைக்கென்று வாங்கிவந்த நல்ல கிடா. கம்பிவேலிக்கு அடியில் புகுந்து, போலீஸ்காரர்மேல் முதுகைச் சொறிந்து, நீட்டியிருந்த கையில் ஒரு விரலை உடைத்துவிட்டது. வாரியத்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். விசாரணைக் குழு உட்கார்ந்தது. ஆட்டினால் ஏற்பட்டது பாரம்பரியச் சேதமா, நவீனச் சேதமா என்பது கேள்வி. முன்னோர் காலத்திலும் ஆடு இருந்தது, ஆகவே பாரம்பரியம் என்றார் ஒரு நிபுணர். முன்னோர் காலத்து ஆடு கம்பிவேலிக்கு அடியில் புகுந்ததில்லை, ஆகவே நவீனம் என்றார் இன்னொருவர். குளிர்சாதன ஓட்டலில் கருத்தரங்கம் நடந்தது, கிடா மேடையில் நிறுத்தப்பட்டது. கடைசியில் அதைப் "பாரம்பரியச் சிதைவின் உயிருள்ள சாட்சி" என்று அறிவித்து, மாலை போட்டு என்னிடம் அனுப்பினார்கள். வாரியச் செலவில் தின்று கொழுத்துத் திரும்பியிருந்தது. கிடா பெற்ற கௌரவத்தைக் கேள்விப்பட்ட பிறகு அதை வெட்ட எனக்கும் மனம் வரவில்லை, தின்ன யாருக்கும் துணிவில்லை. இன்றைக்கும் கடைக்குப் பின்னால் அதிகாரியைப்போல அசைபோட்டுக்கொண்டிருக்கிறது.

உடைந்த விரல்தான் உலோவாக்குக்கு ஒரு வழியைக் காட்டியது. விரலை ஒட்டிக்கொடுக்கச் சொல்லி வாரியம் அவளைக் கூப்பிட்டது. மாட்டேன், தீட்டு என்றாள். இரண்டு நாள் கழித்து அவளே போய், "விரல ஒட்டமாட்டேன் சார். ஆனா புதுசா ஒரு உருவம் வேணா சேக்கறேன்" என்றாள். இயக்குநருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஒத்துழைக்காத கலைஞரை ஒத்துழைக்க வைத்த செய்தி பத்திரிகையில் அவர் படத்தோடு வந்தது.

அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னாள்: "ஊரு யாரப் பாத்துச் சிரிக்குதோ அவங்களுக்கு எம்பாரில எடம் உண்டுல்லண்ணே? இப்ப யாரப் பாத்துச் சிரிக்குது?"

"அடிப்பாவி!" என்றேன்.

அவள் செய்தது இயக்குநரை. சிவப்புத் தொப்பி, பவழமாலை, முழங்காலை எட்டிப்பார்க்கும் தொந்தி. ஒரு கையில் குடை, அதை ஆலாவின் தலைக்குமேல் பிடித்திருந்தார். பூமித்தாய் மழையில் நனைந்துவிடக்கூடாதே என்று குடை பிடிக்கிற மனிதர்! அவமானம் தாங்காமல் மொத்தத்தையும் இடித்துத்தள்ளச் சொல்லிவிடுவார் என்பது அவள் கணக்கு. ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கிளெட்டஸ் வேலிப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு தோள் குலுங்கச் சிரித்தான்.

இயக்குநர் வந்தார். தன் உருவத்தை ஒருமுறை சுற்றினார். மறுபடியும் சுற்றினார். என் கடையில் ஒருவர்கூட மெல்லவில்லை.

"அம்மா," என்றார் கடைசியில். குரல் தழுதழுத்தது. "வயிறு கொஞ்சம் சின்னதா இருக்கே?"

உலோவாக்கு மண்ணுருவத்தின் தொந்தியையும் அவருடைய தொந்தியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பரவால்ல, பரவால்ல. குடை வெச்சீங்க பாருங்க, அதுதான் கலை! காக்கிற கை! என் மனைவி என்ன வேலை செய்யறீங்கன்னு கேட்டுட்டே இருப்பா. இனிமே காட்டலாம்."

மறுநாள் மனைவி, பிள்ளைகள், மாமியார் எல்லோரோடும் வந்து படம் எடுத்துக்கொண்டார், அதுவும் பத்திரிகையில் வந்தது. அதற்கடுத்த நாள் அலுமினியத் தகட்டின்மேல் இன்னொரு அலுமினியத் தகடு ஏறியது. கிளெட்டஸுக்குத் துணையாக இரண்டு பேர் வந்தார்கள்.

உலோவாக்கு என் கடையில் உட்கார்ந்து, நான் வைத்த ஆட்டுத்தலைக் கறியைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவமானப்படுத்தலாம்னு பாத்தா ஆசீர்வாதம் பண்ணின மாதிரி ஆயிடுச்சேண்ணே. இனிமே இது எந்த ஜென்மத்துலயும் விழாது" என்றாள். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். நான்தான் அடுப்படிக்குப் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன்.

பத்திரிகையில் வந்த அந்தப் படத்தைப் பண்பாட்டுத்துறை ஆணையர், மாண்புமிகு யூக்கேரியா ஓன்யெமா அம்மையார் பார்த்தார். இயக்குநருக்கு மேலதிகாரி அவர். உடனே கிளம்பி வந்தார், கார்கள் ஐந்து. ஆலாவைப் பார்த்துத் தலையசைத்தார். இயக்குநரின் மண்ணுருவத்தைப் பார்த்தார். பிறகு அதன் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் பார்த்தார்.

"நல்லா இருக்கு பாலிகார்ப். என்னோடது எங்க?"

இயக்குநர் நகர்ந்து, தன் மண்ணுருவத்தை மறைத்தாற்போல நின்றுகொண்டார்.

"நம்ம துறைக்கே நான்தான் பொறுப்பு. நீங்க எங்கிட்ட வேலை பாக்கறீங்க. ஆனா பூமித்தாய் பக்கத்துல நீங்க நிக்கறீங்க. எனக்குப் புரியல, சொல்லுங்க."

"அம்மா, அது... கலைஞருடைய சுதந்திரம்மா."

"சுதந்திரத்துக்கும் ஒரு வரிசை இருக்கு பாலிகார்ப்."

உலோவாக்கு அதுவரை வேலியோரம் நின்றுகொண்டிருந்தாள். அவள் முன்னால் வந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இவள் மனதில் என்னமோ ஓடுகிறது. குரல் மட்டும் வெண்ணெய்போல இருந்தது.

"செஞ்சிடலாம்மா. சார விட உயரமா இருக்கணும், இல்லையா?"

"இருக்கணும்னு நான் சொல்லல. நெறிமுறை சொல்லுது."

"சரிம்மா. தலைக்கட்டு இல்லாம செஞ்சிட்டா சுலபமா..."

"தலைக்கட்டு இல்லாமலா?" அம்மையார் தன் தலையில் விரிந்து நின்ற பொன்னிறத் துணிக்கோபுரத்தைத் தொட்டுக்கொண்டார். "நான் என்ன தூங்கி எழுந்து நேரா வந்தவளா?"

"ஐயையோ, வெச்சிடறேம்மா. முழுசா வெச்சிடறேன்."

வேலை ஆரம்பித்தது. மூங்கில் சட்டம், அதன்மேல் புற்றுமண். அம்மையார் கணுக்காலிலிருந்து வளர்ந்தார். இயக்குநரின் தொப்பியைத் தாண்டினார். நெற்றி வந்தபோது கூரைக்கு இன்னும் நிறைய இடம் இருந்தது. அப்புறம் தலைக்கட்டு தொடங்கியது. காலையில் ஒரு மடிப்பு, மாலையில் ஒரு மடிப்பு. உலோவாக்கு முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது, மதியம் என் கடைக்கு வந்து இரண்டு தட்டு வாங்கிச் சாப்பிட்டாள். தலைக்கட்டு அலுமினியத் தகட்டைத் தொட்டது. அன்று அவள் வேலையை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஏணியைவிட்டு இறங்கி, இயக்குநருக்குத் தகவல் சொல்லி அனுப்பினாள்.

"இன்னும் ரெண்டு மடிப்பு பாக்கி சார். கூரை இடிக்குது. இத்தோட வெட்டிடட்டுமா?"

இயக்குநர் தகட்டைப் பார்த்தார், தலைக்கட்டைப் பார்த்தார். மாண்புமிகு ஆணையரின் தலையை யார் வெட்டச் சொன்னது என்று பின்னாளில் ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதிலாகத் தன் பெயர் இருக்கும். இவ்வளவும் அவர் முகத்தில் ஓடியதை நான் கடையிலிருந்தே படித்தேன்.

"கூரையக் கழட்டுங்க" என்றார்.

இரண்டு அடுக்குத் தகடும் இறங்கியது. உயரமான புதுக் கூரைக்கு வாரியம் உடனடியாக ஒப்புதல் கேட்டது. கூரையின் முகப்பில் யார் பெயர் முதலில் வரவேண்டும் என்பதில் அந்தக் கோப்பு நின்றது. ஆணையர் பெயர் மேலே, இயக்குநர் பெயர் கீழே என்றால், மழையில் முதலில் நனைவது ஆணையர் பெயர். அது மரியாதையா என்று ஆராயக் குழு போட்டார்கள். தார்ப்பாய் வாரியத்துக் கிடங்கில் இருந்தது. கிடங்குச் சாவி வைத்திருந்தவர் தலைநகரத்தில் "அழிவை எதிர்த்து" என்ற பயிற்சி முகாமுக்குப் போயிருந்தார்.

வானம் எந்த ஒப்புதலுக்கும் காத்திருக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் துளிகள் விழுந்தபோது கிளெட்டஸும் மற்ற இருவரும் என் கடைக் கூரைக்கு ஓடிவந்துவிட்டார்கள். உலோவாக்கு மட்டும் தெருவிலேயே நின்றாள், தலை நனைய, சிரித்துக்கொண்டு. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன்.

இயக்குநரின் கார் சேற்றை வாரியடித்துக்கொண்டு வந்து நின்றது. அவர் இறங்கினார், கையில் ஒரே ஒரு குடை. பெரிய குடைதான், ஆனால் ஒன்றுதான். மண்ணுருவங்களுக்கு நடுவில் ஓடினார். தன் உருவத்தின்மேல் பிடித்தார். கைப்பேசி அடித்தது. அழைத்தவர் யார் என்பது அவர் நிமிர்ந்து நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"இல்லம்மா... உங்களோடதுக்குத்தாம்மா... உங்களோடதுக்குத்தான் முதல்ல..."

குடை நகர்ந்து ஆணையரின் தலைக்கட்டுக்குப் போனது. எட்டவில்லை. நுனிக்காலில் நின்று, கையை முழுக்க நீட்டிப் பிடித்தார். அந்தப் பக்கம் அவருடைய சொந்தத் தொந்தி, அவ்வளவு ஆசைப்பட்ட தொந்தி, கரைந்து அவர் காலணிமேல் வழிந்துகொண்டிருந்தது. கழுத்தைத் திருப்பி அதையும் பார்த்தார். நகர முடியவில்லை.

"அண்ணே," என்றான் கிளெட்டஸ் மெதுவாக. "சார் அவரோட பொம்மை மாதிரியே நிக்கறாருண்ணே."

இன்னும் ஈரம் காயாத ஆணையர்தான் முதலில் விழுந்தார். தலைக்கட்டின் பாரம். அதற்குப் பிறகும் இயக்குநர் கொஞ்ச நேரம் குடையை அங்கேயே பிடித்துக்கொண்டிருந்தார், இறக்கும்படி யாரும் சொல்லவில்லையே. நான் போய் அவரைக் கடைக்குக் கூட்டிவந்து சூடாக மிளகுச் சாறு கொடுத்தேன். கடைசிச் சொட்டு வரை குடித்தார். உலோவாக்கு தன் துண்டைக் கொடுத்தாள். அந்த வாரம் முழுக்க மழை. பாஸ்டரின் வாய் மூடியது, குருவி எப்போதோ பறந்துவிட்டிருந்தது. போலீஸ்காரரின் கை இறங்கியது. கடைசியாக ஆலா அமைதியாக உட்கார்ந்தபடியே மண்ணுக்குள் போனாள். வாரியம் தன் அறிக்கையில், எம்பாரி "திட்டமிட்டபடி நிலத்தடியில் பாதுகாக்கப்பட்டது" என்று குறிப்பிட்டது.

உமுவேக்கேயில் உலோவாக்கு அடுத்ததைக் கட்டினாள். அந்த ஊர்ப் பெண்கள் கிழங்கு இடிக்கிற சத்தம் எங்கள் தெருவரைக்கும் கேட்டது. திறப்பு நாளன்று நானும் போயிருந்தேன். ஓலைக் கூரைக்குக் கீழே, ஆலாவுக்குப் பக்கத்தில், ஒருவர் நுனிக்காலில் நின்று, கரைந்து வழியும் ஒரு பெரிய தலைக்கட்டுக்கு எட்டி எட்டிக் குடை பிடித்துக்கொண்டிருந்தார். கழுத்து பின்னால் திரும்பியிருந்தது. தொந்தி இம்முறை சரியான அளவில் இருந்தது.

கூட்டம் கலையும் நேரத்தில் இயக்குநர் வந்தார். காரில்லை, வாடகை மோட்டார் சைக்கிளில், தொப்பியில்லாமல். அந்த உருவத்துக்கு முன்னால் நின்றார். இந்தமுறை சுற்றிப் பார்க்கவில்லை. நின்ற இடத்திலேயே பார்த்தார், ரொம்ப நேரம். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உலோவாக்கு பக்கம் வந்தார்.

"இது எப்பம்மா விழும்?"

"ஓலை மக்கணும் சார். நாலஞ்சு மழைக்காலம் ஆகும்."

அவர் கூரையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வாரியத்துக்கு மட்டும் தெரியவேணாம்மா. தகடு போட்ருவாங்க."